இஸ்ரவேலின் வீட்டைக் கட்டியோர்: பில்காள், சில்பாள் பற்றிய ஓர் ஆய்வு

ரூத்தின் சரித்திர முடிவில், பெத்லகேமின் ஊர்வாசலில் கூடியிருந்த மக்களும் மூப்பரும் போவாசை வாழ்த்துகின்றனர். அவன் வீட்டிற்கு வரும் பெண்ணைக் கர்த்தர் ராகேலைப் போலவும் லேயாளைப் போலவும் ஆக்குவாராக என்பது அவ்வாழ்த்தின் பொருள். அவ்விருவரே இஸ்ரவேலின் வீட்டைக் கட்டியவர்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம் (ரூத் 4:11). நம் திருமண ஆராதனைகளிலும் இவ்வாழ்த்து ஒலிப்பதுண்டு. ஆனால் ஆதியாகமம் 35:23-26இல் உள்ள பட்டியல் யாக்கோபின் குமாரர் பன்னிருவரையும் தாய்மாரின் பெயரால் நான்காகப் பகுக்கிறது. லேயாளின் குமாரர் அறுவர்; ராகேலின் குமாரர் இருவர்; பில்காளின் குமாரர் தாணும் நப்தலியும்; சில்பாளின் குமாரர் காத்தும் ஆசேரும். பன்னிரு கோத்திரங்களில் நான்கு, அதாவது மூன்றில் ஒரு பங்கு, இவ்விரு பணிப்பெண்களின் வழி வந்தவை. பெத்லகேமின் மூப்பர் வாழ்த்தில் அவர்கள் பெயர் இல்லை.

நம் பிரசங்கங்களிலும் அவர்கள் பெயர் பெரும்பாலும் வருவதில்லை. யாக்கோபுக்கு நான்கு மனைவியர் இருந்தது எவ்வாறு என்று விளக்கும் ஒரு வாக்கியத்தோடு அவர்களைக் கடந்துவிடுகிறோம். ஆதியாகமம் இவ்விருவரையும் ஓரிடத்திலேனும் பேச விடவில்லை. ஆயினும் அவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடவும் இல்லை. இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே ஏற்று வாசித்தலே நேரிய வாசிப்பாகும் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ‘அக்காலத்து வழக்கம்’ என்னும் விடை

பில்காளையும் சில்பாளையும் குறித்து மாணவர் கேள்வி எழுப்பும்போது, அது அக்காலத்து வழக்கம் என்று விடை கூறுவது எளிது. அவ்விடைக்கு ஆதாரமும் உண்டு. வட ஈராக்கில் கிர்குக் நகருக்கு அருகே, பண்டைய நூசி நகரம் இருந்த இடத்தில் 1925 முதல் 1931 வரை நடந்த அகழாய்வில் ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றுள் ஒரு திருமண உடன்படிக்கையில், கிலிம்நினு என்னும் மனைவிக்குப் பிள்ளை பிறவாவிடில் அவளே தன் கணவனுக்கு ஓர் அடிமைப் பெண்ணைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்றும், பிறக்கும் பிள்ளைகள்மேல் கிலிம்நினுவுக்கே அதிகாரம் உண்டு என்றும் காண்கிறோம். அதே உடன்படிக்கையில் மணமகளுக்கு ஒரு பணிப்பெண்ணும் கொடுக்கப்படுகிறாள். லாபான் லேயாளுக்குச் சில்பாளையும் ராகேலுக்குப் பில்காளையும் கொடுத்ததோடு (ஆதி. 29:24, 29) இது பெரிதும் ஒத்திருக்கிறது. அம்முராபியின் சட்டத் தொகுப்பின் 146ஆம் பிரிவும் இத்தகைய வழக்கத்தை அறிந்திருக்கிறது.

இவ்வொப்புமைகளைக் கொண்டு முற்பிதாக்களின் காலத்தை உறுதிப்படுத்திவிடலாம் என ஒரு காலத்தில் பல அறிஞர் எண்ணினர். தாமஸ் தாம்சன் 1974இலும் ஜான் வான் ஸேட்டர்ஸ் 1975இலும் வெளியிட்ட நூல்கள் அந்நம்பிக்கையைத் தளர்த்தின. ஆயினும் நம் கேள்வி காலத்தைப் பற்றியதன்று. ஒரு செயல் எவ்வாறு நடைபெற்றது என்பதை வழக்கம் விளக்கும். அச்செயலுக்கு உட்பட்டவளுக்கு அது என்னவாயிருந்தது என்பதை அது விளக்காது. அம்முராபியின் அப்பிரிவு, பிள்ளை பெற்ற அடிமைப் பெண் தன் எஜமானிக்குச் சமமாகத் தன்னைக் கருதினால் அவளை மீண்டும் அடிமைகளோடு சேர்த்து எண்ணலாம் என்கிறது. சட்டம் யார் பக்கம் நின்றது என்பது இதனால் தெளிவாகும். வழக்கத்தைச் சுட்டிக்காட்டி நாம் நின்றுவிடுவோமாயின், எஜமானியின் உடன்படிக்கையையே நம் விளக்கவுரையாக ஏற்றுக்கொண்டவர்களாவோம்.

2. ஒரு பெண்ணுக்கு நான்கு சொற்கள்

எபிரெய மூலம் பில்காளைக் குறிக்க நான்கு சொற்களை ஆளுகிறது. அவள் ‘ஷிப்கா’ (29:29, 30:4, 7, 35:25), ‘ஆமா’ (30:3), ‘இஷ்ஷா’, அதாவது மனைவி (30:4, 37:2), ‘பிலெகெஷ்’, அதாவது மறுமனையாட்டி (35:22). முதல் இரண்டும் அடிமைப் பெண்ணைக் குறிப்பன. 30:4 என்னும் ஒரே வசனத்தில் அவள் ராகேலின் ‘ஷிப்கா’வாகவும் யாக்கோபின் ‘இஷ்ஷா’வாகவும் இருக்கிறாள். மனைவி என்னும் பெயர் அவளுக்குக் கிடைத்தது. அடிமை என்னும் பெயர் அவளை விட்டு நீங்கவில்லை. 35:19இல் ராகேல் இறந்து எப்பிராத்தா வழியில் அடக்கம் செய்யப்படுகிறாள். அதற்குப் பின்வரும் பட்டியலிலும் (35:25) பில்காள் ராகேலின் பணிப்பெண்ணே. எஜமானி மறைந்த பின்னும் உடைமை நிலை மறையவில்லை.

குடும்பத்தில் அவர்களுடைய இடம் எது என்பதைக் கதையின் சிறு குறிப்புகள் காட்டுகின்றன. லாபான் தன் சிலைகளைத் தேடி வரும்போது யாக்கோபின் கூடாரம், லேயாளின் கூடாரம், ராகேலின் கூடாரம் எனத் தனித்தனியே கூறப்படுகின்றன. இவ்விருவருக்கும் சேர்த்து ஒரே கூடாரம் (31:33). ஏசா நானூறு பேரோடு எதிர்கொண்டு வருகிறான் என்ற அச்சத்தில் யாக்கோபு தன் குடும்பத்தை நிரைப்படுத்துகையில், பணிப்பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் முன்வரிசை. அடுத்து லேயாளும் அவள் பிள்ளைகளும். கடைசியில் ராகேலும் யோசேப்பும் (33:1-2). ஆபத்துக்கு மிக அண்மையில் நின்றவர் யார் என்பதை ஆசிரியர் எவ்வித விளக்கமுமின்றி எழுதிவைக்கிறார். தன் மகன் தாண் அந்த முன்வரிசையில் நின்றதைப் பில்காள் மறந்திருப்பாளோ என்று கேட்பது வாசகரின் கடமை.

தமிழ் மொழிபெயர்ப்பைப் பற்றியும் இங்கு ஒரு சொல் கூற வேண்டும். நாம் பெரிதும் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில், 16ஆம் அதிகாரத்தில் ஆகார் அடிமைப்பெண் என்றும், 30ஆம் அதிகாரத்தில் பில்காளும் சில்பாளும் வேலைக்காரி என்றும் குறிக்கப்படுகின்றனர். மூலத்தில் இரு இடங்களிலும் வருவது ‘ஷிப்கா’ என்னும் ஒரே சொல்லே. வேலைக்காரி கூலி பெறுவாள். விரும்பினால் வேறு வீட்டுக்குச் செல்வாள். பில்காளுக்கு அவ்விரண்டும் இல்லை. இச்சொல்வேறுபாடு நம் மக்களின் மனத்தில் ஆகாரைத் துன்புற்றவளாகவும், பில்காளையும் சில்பாளையும் வீட்டு உதவியாளர்களாகவும் பதித்துவிட்டது எனில் மிகையாகாது.

3. கூலியைப் பற்றிய கதையில் கூலி பெறாதோர்

ஆதியாகமம் 29 முதல் 31 வரையுள்ள அதிகாரங்கள் கூலியைப் பற்றிய கதை என்றே கூறலாம். உன் கூலி என்ன என்று லாபான் யாக்கோபைக் கேட்கிறான் (29:15). ‘தூதாயீம்’ கனிகளைக் கொடுத்து லேயாள் தன் கணவனைக் கூலிக்குக் கொள்கிறாள் (30:16). யாக்கோபு மந்தையில் தன் கூலியைப் பேசுகிறான் (30:28-33). பத்துமுறை தன் கூலி மாற்றப்பட்டதாக முறையிடுகிறான் (31:7, 41). ராகேலும் லேயாளும் தங்கள் தகப்பன் தங்களை விற்றுவிட்டான் என்று கசந்துகொள்கின்றனர் (31:15). அவ்வீட்டில் ஏமாற்றப்பட்டோர் அனைவருக்கும் முறையிட வாய் உண்டு.

இந்தச் சூழலில் 30:18 கருதத்தக்கது. லேயாள் தன் ஐந்தாம் மகனைப் பெற்று, தன் பணிப்பெண்ணைக் கணவனுக்குக் கொடுத்ததற்காகத் தேவன் தனக்குக் கூலி தந்தார் என்று கூறி, ‘கூலி’ என்னும் சொல்லையொட்டி அவனுக்கு இசக்கார் எனப் பெயரிடுகிறாள். கொடுத்தவளுக்குக் கூலி கிடைத்தது. கொடுக்கப்பட்ட சில்பாளுக்கு என்ன கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. பிள்ளைகளின் பெயர்களும் அவ்வாறே. தாண், நப்தலி என்னும் பெயர்கள் ராகேலின் வழக்கையும் போராட்டத்தையும் குறிப்பன; காத், ஆசேர் என்பன லேயாளின் நற்பேற்றையும் மகிழ்ச்சியையும் குறிப்பன. பெற்ற தாயின் வாழ்விலிருந்து ஒரு பெயரும் எடுக்கப்படவில்லை.

ஆசிரியர் தேவனைப் பற்றிக் கூறும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. லேயாளின் கர்ப்பத்தைத் திறந்தவரும் (29:31) ராகேலின் கர்ப்பத்தைத் திறந்தவரும் (30:22) தேவன் என ஆசிரியர் தம் வாக்காகவே கூறுகிறார். பணிப்பெண்களின் பிள்ளைப்பேற்றில் அவர் அவ்வாறு கூறவில்லை. ராகேலே தேவன் தன் வழக்கைத் தீர்த்தார் என்று கூறிக்கொள்கிறாள் (30:6). இதைக் கொண்டு தேவன் அப்பெண்களைக் கைவிட்டார் என முடிவு செய்வது தவறு. கூறத்தக்கது இவ்வளவே: தங்கள் பணிப்பெண்களைக் கொடுத்த செயலுக்குத் தேவ அங்கீகாரம் கோருவோர் எஜமானிகள், ஆசிரியர் அக்கோரிக்கைக்குத் தம் கையொப்பத்தை இடவில்லை.

4. பாதியில் நிற்கும் வசனம்

ராகேலின் மரணத்திற்குப் பின் ரூபன் தன் தகப்பனின் மறுமனையாட்டியாகிய பில்காளோடு சயனித்தான். அதை இஸ்ரவேல் கேள்விப்பட்டான் (35:22). மசோரெத்தியப் பாடத்தில் இவ்விடத்தில், வசனத்தின் நடுவிலேயே, ஓர் இடைவெளி விடப்பட்டுள்ளது. கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பு, அது அவன் பார்வைக்குப் பொல்லாததாயிருந்தது என்ற கருத்தைச் சேர்க்கிறது. எபிரெயத்தில் அதுவும் இல்லை. கேள்விப்பட்ட யாக்கோபு பில்காளிடம் என்ன கூறினான் என்பது எழுதப்படவில்லை.

பின்னர் யாக்கோபு மரணப்படுக்கையில் ரூபனைக் கண்டிக்கிறான்; குற்றம் தகப்பனின் படுக்கையைத் தீட்டுப்படுத்தியது (49:4). நாளாகமத்தின் ஆசிரியரும் அதனால் ரூபன் சேஷ்ட புத்திர பாகத்தை இழந்தான் என்கிறார் (1 நாளா. 5:1). அப்சலோமும் (2 சாமு. 16:21-22) அதோனியாவும் (1 இரா. 2:17-22) செய்தவற்றோடு ஒப்பிட்டு, ரூபன் தகப்பனின் அதிகாரத்தைக் கைப்பற்ற முயன்றான் என்று விளக்கவுரையாளர் கூறுவர். அது பொருத்தமான விளக்கமே. ஆயினும் அவ்விளக்கத்திலும் பில்காள் ஆண்களின் உரிமைப் போர் நடைபெறும் இடமாகவே நிற்கிறாள்.

முந்தைய அதிகாரத்தோடு இதை ஒப்பிடுக. லேயாளின் மகள் தீனாள் கெடுக்கப்பட்டபோது, அவள் உடன்பிறந்த சிமியோனும் லேவியும் பட்டயம் எடுத்தனர் (34:25-31). அவர்கள் செய்தது கொடுமையே. எனினும் தீனாளுக்காகச் சினந்தோர் இருந்தனர். பில்காளுக்காகச் சினந்தோர் ஒருவரும் இல்லை. அவள் குமாரராகிய தாணும் நப்தலியும் ஏதேனும் கூறினரோ, அறியோம். பின்னர் எகிப்தில் அடிமையாக விற்கப்பட்ட யோசேப்பு, எஜமானனின் மனைவியிடம் மறுத்துரைத்த சொற்கள் இரு வசனங்களில் எழுதப்பட்டுள்ளன (39:8-9). அடிமையின் மறுப்பை எழுதத் தெரிந்த நூல், பில்காளின் மறுப்பையோ உடன்பாட்டையோ எழுதவில்லை. எழுதாததை நாம் எழுதலாகாது. ஆனால் வீட்டின் மூத்த மகனை மறுக்கும் ஆற்றல் ஓர் அடிமைப் பெண்ணுக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று எண்ணாமல் அவ்வசனத்தைக் கடத்தலும் ஆகாது.

5. யூத மரபின் பல குரல்கள்

இம்மௌனம் யூத மரபை அமைதியாயிருக்க விடவில்லை. யூபிலி நூலின் 33ஆம் அதிகாரத்தில், உறங்கிக்கொண்டிருந்த பில்காள் விழித்து அலறுகிறாள். யாக்கோபிடம் தானே முறையிடுகிறாள். அதே நூல், யோசேப்பு இறந்தான் என்று கேட்ட துயரத்தில் அவள் மாண்டதாகவும் கூறுகிறது. மாறாக, ரூபனின் ஏற்பாடு என்னும் நூலில் அவள் மது மயக்கத்தில் ஆடையின்றிக் கிடந்தவளாகச் சித்திரிக்கப்படுகிறாள். பழியில் ஒரு பங்கு அவள்மேல் மெல்ல ஏற்றப்படுகிறது. ரபிமார் ரூபனைக் காக்க முயன்றனர். அவன் பாவம் செய்யவில்லை, தகப்பனின் படுக்கையை இடம் மாற்றினான், அவ்வளவே என்பது தல்மூதில் காணப்படும் ஒரு கருத்து. ஜெப ஆலயத்தில் ரூபனின் செய்தியை வாசிக்கலாம், ஆனால் மக்கள் மொழியில் பெயர்க்கலாகாது என்பது மிஷ்னாவின் விதி (மெகில்லா 4:10). பில்காளுக்கு நேர்ந்தது, குடும்ப மானத்தைக் காக்கும் பொருட்டு, கேட்போரின் செவியிலிருந்து மறைக்கப்பட்டது.

எனினும் அம்மரபிலேயே வேறு குரல்களும் உண்டு. யோசேப்பின் கனவைக் கேட்ட யாக்கோபு, நானும் உன் தாயும் உன்னை வணங்குவோமோ என்ற கருத்தில் கடிந்துகொண்டபோது (37:10) ராகேல் உயிரோடில்லை. அத்தாய் அவனை வளர்த்த பில்காளே என மிதிராஷ் விளக்குகிறது. அன்னையர் நால்வரே என்று தல்மூதின் பெராகோத் பகுதி வரையறுக்க, எண்ணாகம ரப்பா பில்காளையும் சில்பாளையும் சேர்த்து அன்னையர் அறுவர் என எண்ணுகிறது. திபேரியாவில் அவ்விருவருக்கும் கல்லறை இடம் காட்டும் வழக்கமும் உண்டு. ரெபெக்காளின் தாதியாகிய தெபோராள் இறந்ததையும் அவள் அடக்கம் செய்யப்பட்ட கர்வாலி மரத்தையும் குறிப்பிடும் ஆதியாகமம் (35:8), இவ்விருவரின் மரணத்தைக் குறிப்பிடவில்லை என்பதை நோக்க, அக்கல்லறை மரபின் ஏக்கம் விளங்கும்.

நம் காலத்து ஆய்வுகளில் ஆகாருக்குக் கிடைத்த இடம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஃபிலிஸ் டிரிபிள் 1984இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் ஆகார் உண்டு. பில்காளுக்குத் தனி அதிகாரம் இல்லை. டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் கறுப்பினப் பெண்களின் அனுபவத்திலிருந்து எழுதியதும் ஆகாரைப் பற்றியே. இதற்குக் காரணம் வெளிப்படை. ஆகார் பேசுகிறாள், ஓடுகிறாள், தேவனுக்குப் பெயரிடுகிறாள் (16:13). எதிர்த்து நிற்பவளை விடுதலைக்குச் சான்றாக்குவது எளிது; ஓடாமலும் பேசாமலும் இருந்தவளை என் செய்வது என்று அறியாது நிற்கிறோம். அனிதா டயமண்ட் 1997இல் எழுதிய புதினம் போன்றவை இவர்களுக்குக் கற்பனையால் குரல் அளித்தன. புதினத்திற்கு அது தகும். பிரசங்கத்திற்குத் தகுமா என்பதில் எமக்கு ஐயம் உண்டு. யூபிலி நூலும் ரூபனின் ஏற்பாடும் காட்டுவது போல, மௌனத்தை நிரப்புவோர் தத்தம் நோக்கிற்கேற்பவே நிரப்புவர்.

6. கோத்திரங்களின் கணக்கு

தாயின் நிலை பிள்ளைகளைத் தொடர்ந்தது. யாத்திராகமத்தின் தொடக்கப் பட்டியலில் தாண், நப்தலி, காத், ஆசேர் என்போர் இறுதியில் வருகின்றனர் (யாத். 1:2-4). கெரிசீம் மலையில் ஆசீர்வாதம் கூற நிறுத்தப்பட்ட அறுவரும் லேயாள், ராகேல் வழியினர், இந்நால்வரும் ரூபன், செபுலோன் ஆகியோரோடு சாபத்திற்குரிய ஏபால் மலையில் நிற்கின்றனர் (உபா. 27:12-13). எசேக்கியேலின் தேசப் பங்கீட்டிலும் தாண், ஆசேர், நப்தலி வடகோடியிலும் காத் தென்கோடியிலும் பரிசுத்த ஸ்தலத்திற்கு மிகத் தொலைவில் அமைகின்றன (எசே. 48).

ஆனால் இப்பட்டியல்களே எதிர்ச்சான்றும் தருகின்றன. எகிப்துக்குச் சென்ற எழுபது பேரின் கணக்கில் சில்பாளின் வழியினர் பதினாறு, பில்காளின் வழியினர் ஏழு என அத்தாய்மாரின் பெயரைச் சொல்லியே எண்ணப்படுகின்றனர் (ஆதி. 46:18, 25). அவர்களை நீக்கினால் எழுபது என்னும் எண் நிறைவுறாது. எசேக்கியேலின் நகர வாசல்களில் நான்கு கோத்திரத்தாருக்கும் மற்றவர்க்கு நிகராக ஒவ்வொரு வாசல் உண்டு (எசே. 48:30-34).

‘கட்டுதல்’ என்னும் சொல்லை மீண்டும் நோக்குவோம். பில்காளைக் கொடுக்கும்போது, அவளால் தான் கட்டப்பட வேண்டும் என்பதே ராகேலின் சொல் (ஆதி. 30:3). சாராயும் ஆகாரைக் குறித்து அதே வினையைக் கூறினாள் (16:2). அவ்வினையே ரூத் 4:11இல் ராகேலுக்கும் லேயாளுக்கும் புகழாக வருகிறது. யாரால் கட்டப்பட்டது என்பது ஆதியாகமத்தில் தெளிவு. புகழ் யாருக்குச் சென்றது என்பது ரூத்தில் தெளிவு. ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்ய பெசலெயேலுடன் நியமிக்கப்பட்ட அகோலியாப் தாண் கோத்திரத்தான் (யாத். 31:6). சாலொமோனின் ஆலயத்திற்கு வெண்கல வேலை செய்த ஈராமின் தாய் நப்தலி கோத்திரத்தாள் என்கிறது இராஜாக்கள் நூல் (1 இரா. 7:14), தாணின் குமாரத்திகளுள் ஒருத்தி என்கிறது நாளாகமம் (2 நாளா. 2:14). எதை ஏற்பினும் அவள் பில்காளின் வழியினளே. இஸ்ரவேலின் வீட்டை மட்டுமன்றிக் கர்த்தருடைய வீட்டையும் அவள் சந்ததியார் கட்டினர்.

7. போதகர் கருதத்தக்கவை

முதலாவது, பெயர்களைச் சொல்லுதல். பன்னிரு கோத்திரங்களைக் கற்பிக்கும் ஞாயிறு பள்ளியிலும், ரூத் 4:11ஐ வாசிக்கும் திருமண ஆராதனையிலும் நான்கு தாய்மாரைக் கூறுவது பெருந்தொல்லை அன்று.

இரண்டாவது, தவற்றைத் தவறு என்று கூறுதல். முற்பிதாக்களின் குடும்பத்தைக் காப்பதற்காக அடிமைத்தனத்தை இன்சொல்லால் மூட வேண்டியதில்லை. திருமறையே அதை மூடவில்லை. ஓய்வுநாளில் உன் ‘ஆமா’வும் உன்னைப் போல இளைப்பாற வேண்டும், நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினை என்று கட்டளை கூறுகிறது (உபா. 5:14-15). பில்காளின் பெயரோடு நின்ற அதே சொல் அங்கே ஓய்வுக்கு உரியவளின் பெயராகிறது.

மூன்றாவது, மரியாளின் சொல்லை இவர்கள்மேல் சுமத்தாதிருத்தல். தன்னை ஆண்டவருக்கு அடிமை என்று கூறிய மரியாள், தன்னிடம் வந்த செய்தியைக் கேட்டு, வினவி, பின்னரே இசைந்தாள் (லூக். 1:34, 38). பில்காளையும் சில்பாளையும் எவரும் கேட்கவில்லை. கேட்கப்படாதவரின் நிலையைத் தாழ்மை என்னும் நற்பண்பாகப் போதிப்பது, இன்றும் பிறர் வீடுகளில் வாய் திறவாது உழைக்கும் பெண்களுக்குச் செய்யும் தீங்காகும்.

லூக்கா தம் இரண்டாம் அதிகாரத்தில், பானுவேலின் குமாரத்தியும் தீர்க்கதரிசியுமாகிய அன்னாளை அறிமுகப்படுத்துகையில் அவள் ஆசேர் கோத்திரத்தாள் எனக் குறிக்கிறார் (லூக். 2:36). சில்பாளின் வழிவந்த அம்மூதாட்டி தேவாலயத்தில் கர்த்தரைப் புகழ்ந்து, எருசலேமில் மீட்புக்குக் காத்திருந்த யாவருக்கும் குழந்தை இயேசுவைக் குறித்துப் பேசினாள். அவள் பேசிய சொற்களை லூக்கா எழுதவில்லை. பேசினாள் என்று எழுதியிருக்கிறார். அவள் கோத்திரத்தையும் எழுதியிருக்கிறார். அப்பகுதியைப் பிரசங்கிக்கும் போதகர், ஆசேரின் தாய் யார் என்பதையும் சபைக்குச் சொல்வாராக.